மழுங்கிய விளிம்பு

கார்த்திக் கண்ணுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். நான் உன் இடது முழங்கால் நலமா என்று கேட்டுத் தொடங்குகிறேன். மற்றதையெல்லாம் நீ போனில் சொல்லிவிடுகிறாய். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்கிறாய், தூங்கினாயா என்றால் தூங்கினேன் என்கிறாய். முழங்காலைப் பற்றிக் கேட்டால் மட்டும் "ஃபைன்மா" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு ஆபீஸ் கதைக்குப் போய்விடுகிறாய். ஈமெயில் அனுப்பாமல் அம்மா ஏன் இப்படித் தமிழில் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நீ நினைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உனக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடி வைத்துவிட முடியாது, மெதுவாகத்தான் படித்தாக வேண்டும். அதற்காகத்தான் தமிழ்.

பொங்கல் முடிந்த கையோடு நீ சான் ஹோசே வேலைக்குக் கிளம்பிவிட்டாய். இரண்டு பெட்டிக்கு மேல் விமானத்தில் வேண்டாம் என்று பனிச்சறுக்குக்கு வாங்கிய உன் புது ஸ்கீ ஜோடியைக் கராஜிலேயே விட்டுவிட்டு, "அப்பார்ட்மென்ட் கெடைச்சதும் சொல்றேன், ஷிப் பண்ணிடும்மா" என்றாய். அப்பார்ட்மென்ட் கிடைத்தது. முகவரியும் சொன்னாய். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "அத்தனை நீளத்துக்குப் பெட்டி கெடைக்கல கண்ணு" என்றேன். "ஸ்கீ ஷாப்ல கேட்டா சும்மாவே குடுப்பாங்கம்மா" என்றாய். அடுத்த வாரம், "இங்க ஒரே பனி, வண்டி எடுக்க முடியல" என்றேன். நீ சிரித்தாய். "நியூ ஜெர்சில பனின்னு எனக்கு ஸ்கீ அனுப்ப முடியலையா? அம்மா, கமான்!" பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டி முதல் வாரமே கிடைத்துவிட்டது. கராஜில், உன் பழைய சைக்கிளுக்குப் பின்னால், ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் வெர்மான்ட்டில் கல்லூரி ஸ்கீ அணிக்காக நீ ஓடிய கடைசிப் பந்தயத்தில் நான் மலை அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். விழுந்ததை நான் பார்க்கவில்லை, எழுந்திருக்காததைப் பார்த்தேன். அதன் பிறகு அறுவை சிகிச்சை, ஊன்றுகோல், மாடிப்படியில் உட்கார்ந்தபடியே நீ ஒவ்வொரு படியாக இறங்கியது. வளர்ந்த பிள்ளையை ஒரு தாய் அப்படிப் பார்க்கக் கூடாது. உனக்கு அது போன வருஷக் கதை. எனக்கு அது இன்னும் பழைய கதை ஆகவில்லை. அந்தப் பந்தயத்துக்கு முந்தின வாரம் நீ வாங்கிய ஸ்கீதான் இது. ஒரு நாள்கூடப் பனியைத் தொடாமல், கடை வாசம் போகாமல் சுவரில் சாய்ந்து நின்றது. நான் துணி துவைக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னைவிட உயரமாக நின்று பார்க்கும்.

அது எப்படிப்பட்ட ஸ்கீ என்று எனக்கு நன்றாகவே தெரியும். உன் அம்மா ஸ்கீயில் ஏறியதே இல்லைதான். ஆனால் நீ மிடில் ஸ்கூல் அணியில் சேர்ந்த நாளிலிருந்து உன் ஸ்கீக்கு விளிம்பு தீட்டியதும் மெழுகு போட்டதும் யார்? மற்ற பிள்ளைகளுக்கு அப்பாக்கள் செய்தார்கள். நம் வீட்டில் அப்பா வாரத்தில் பாதி நாள் வெளியூரில், ரிச்சர்ட்சன் ஆபீஸில் இருந்தார். அதனால் கராஜ் சேலில் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியை வாங்கி, மெழுகை உருக்கி, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி நான் தேய்க்கப் பழகினேன். ஒரு நாள் அவசரத்தில் அதே பெட்டியால் அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு மீட்டிங் போய்விட்டு வந்து, "ஏம்புள்ள, மழையில நனைஞ்சா இந்தச் சட்டையில தண்ணியே ஒட்டறதில்ல, தெரியுமா?" என்றார். அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது.

ஆகவே உன் புது ஸ்கீயை நான் தடவிப் பார்த்தபோதே அதன் குணம் கைக்குத் தெரிந்துவிட்டது. முன்னும் பின்னும் அகன்று, நடுவில் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கியது. நடுவே மரம், அதன் மேலும் கீழும் உலோகத் தகடு. இரு பக்கமும் எஃகு விளிம்பு. வளைத்துப் பார்த்தால் வளைய மறுக்கிறது, முறுக்கிப் பார்த்தால் முறுக்கவே முடியவில்லை. பந்தய ஸ்கீயின் எலும்பை எடுத்து, மலையில் எங்கே வேண்டுமானாலும் போகும்படி கொஞ்சம் சதை போட்டுச் செய்தது. ஸ்கீயோடு வந்த அட்டையில் 'எக்ஸ்பர்ட்டுகளுக்கு மட்டும்' என்று போட்டிருந்தது. அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பார்த்ததும் உனக்கு வாங்கத் தோன்றியிருக்கும். நான் அட்டையைத் திருப்பி வைத்தேன். வளைந்து கொடுக்காத பொருள், போன வருஷம்தான் தைத்த முழங்கால். நான் வேறு என்ன நினைக்க முடியும்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். நீ திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அப்பா ஆபீஸ் போன பிறகு, ஸ்கீயை எடுத்துப் பட்டறை மேஜையில் பூட்டினேன். வேனிலிருந்து அரத்தையும் கல்லையும் எடுத்தேன். வழக்கமாகக் கூர் ஏற்றுவதற்குப் பிடிக்கிற கோணத்தில் பிடிக்காமல், நேரே கூரின் மேல் வைத்து, மூக்கிலிருந்து வால் வரைக்கும் இழுத்தேன். நான்கு விளிம்பும். விரலை வைத்தால் கரண்டிக் காம்பு மாதிரி உருண்டையாக ஆகும்வரை இழுத்தேன். கூரான கத்தியைக் குழந்தைக்கு எட்டாமல் வைப்பார்கள். எட்டாத இடம் இல்லாவிட்டால் மழுக்கி வைப்பார்கள். அதைத்தான் செய்தேன். என்றைக்காவது இதை அனுப்பித்தான் ஆக வேண்டும், அப்போது இது உன்னை மெதுவாகக் கொண்டுபோகட்டும் என்று நினைத்தேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள் நான். அன்றைக்குப் படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மழுக்கிய பிறகும் மனம் அடங்கவில்லை. அனுப்பாமலே இருக்க இன்னும் பெரிய காரணம் ஒன்று கிடைத்தால் தேவலை என்றிருந்தது. அப்போதுதான் நிர்மலாவுக்குப் போன் செய்தேன். உன் முழங்காலை மாதக்கணக்கில் நீட்டி மடக்கிச் சரிசெய்தவள் அவள். யாழ்ப்பாணத்திலிருந்து பதினாறு வயதில் அண்ணனோடு சுவிட்சர்லாந்து போய், அங்கே பள்ளிக்கூடத்தில் ஸ்கீ பழகி, குளிர்கால விடுமுறையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குத் தேர்ந்து, பிறகு பிசியோதெரபி படித்துக் கல்யாணமாகி இங்கே எடிசனுக்கு வந்தவள். உனக்கு அவள் நிர்மலா ஆன்ட்டி. முழங்காலும் தெரிந்தவள், மலையும் தெரிந்தவள். அவள் வாயால் 'இந்த ஸ்கீ கார்த்திக்குக்கு வேண்டாம்' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், நீ மறுபேச்சுப் பேச மாட்டாய் என்று கணக்குப் போட்டேன்.

"ஸ்கீயைப் பாக்காமல் நான் என்னெண்டு அக்கா சொல்லுறது?" என்றாள். "சனிக்கிழமை நான் பென்சில்வேனியா மலைக்குப் போறன். அதையும் கொண்டு வாங்கோ. நானே ஓடிப் பாக்கிறன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை. உனக்குச் சொல்லிச் சொல்லி என்னிடமிருந்த காரணமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

அந்த வியாழக்கிழமை இங்கே மழை. வெள்ளி இரவு உறைந்துவிட்டது. மழை பெய்து உறைந்தால் மலை என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. உனக்குத் தெரியாத ஒரு கதை சொல்கிறேன். நீ ஹைஸ்கூல் சேர்ந்த வருஷம், உன் முதல் பெரிய பந்தயத்துக்கு முன்னால், நான் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். நீ ஜெயிக்க வேண்டும் என்றல்ல. மழை பெய்து பந்தயம் நின்றுபோக வேண்டும் என்று. பெருமாள் கேட்டார். நன்றாகவே மழை பெய்தது. ராத்திரி உறைந்து, மறுநாள் மலை முழுக்கக் கண்ணாடி. பந்தயத்தை நிறுத்தவில்லை. நீங்கள் எல்லாரும் அந்தக் கண்ணாடி மேல் ஓடினீர்கள். ஒன்றும் ஆகவில்லை, மூன்றாவதாக வந்தாய், வீட்டுக்கு வந்து வெண்பொங்கல் கேட்டாய். பயத்தில் நான் செய்கிற காரியம் ஒவ்வொன்றும் உன் காலடியில் ஐஸாகத்தான் போய் விழுகிறது என்று எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

மலை அடிவாரக் கடையில் ஸ்கீயில் பூட்ஸைக் கவ்வுகிற பூட்டைத் தன் பூட்ஸ் அளவுக்கு மாற்றித் தரச் சொன்னாள் நிர்மலா. அவள் நல்ல உயரம், அதனால் உன் நீளத்தைச் சமாளிக்க முடிந்தது. "எனக்குக் கொஞ்சம் நீட்டுத்தான், ஓடலாம்" என்று தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, போகிறபோக்கில் கேட்டாள். "விளிம்பு பாத்தனீங்களே அக்கா?"

"பாத்தேன்" என்றேன். பொய் இல்லை.

"அப்ப நான் பாக்கத் தேவையில்லை. கார்த்திக் சொன்னவன், அம்மா தீட்டினா ஐஸிலயும் பிடிக்கும் எண்டு. டீம்ல எல்லாப் பெடியளும் தங்கட ஸ்கீயையும் உங்களிட்டத் தரவேணும் எண்டு கேட்டவங்களாம்."

நீ அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது கண்ணு. என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. மெழுகுக் கறை படிந்த கையைப் பார்த்து, "அம்மா, யூ ஸ்மெல் லைக் எ கேண்டில்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். அந்த நிமிஷத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் போய் லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என்ன ஆகிவிடும், மெதுவாகத்தானே போகும், அவள் எவ்வளவு தேர்ந்தவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடிவாரத்துக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

மேலே வெயில் பட்ட இடத்தில் இரண்டு மூன்று திருப்பம் நன்றாகவே வந்தாள். பிறகு மரநிழல் விழுகிற செங்குத்தான இடம். ஐஸ் அங்கே நீலமாகத் தெரிந்தது. அவள் இடது பக்கம் சாய்ந்து திரும்பப் பார்த்தாள். ஸ்கீ திரும்பவில்லை. வால் விலகியது, பிறகு முழு ஸ்கீயும் விலகியது. ஈரத் தரையில் தட்டு வழுக்குகிற மாதிரி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே கீழே வந்தாள். மெதுவாக அல்ல. மரங்களுக்கு முன்னால் கட்டியிருந்த ஆரஞ்சு வலையை நோக்கித்தான் வந்தாள். நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை, தமிழில்தான் கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் என் தோளைப் பிடித்து, "இஸ் தட் யுவர் டாட்டர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவள் இடுப்பைத் தரையில் போட்டு, கைக்கம்பை ஊன்றிக் கிழித்து, வலைக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டாள். எழுந்தாள். தட்டிவிட்டுக்கொண்டாள். சறுக்கியும் நடந்துமாக என்னிடம் வந்து சேர்ந்தபோது அவள் முதலில் சொன்னது: "அக்கா, இது ஸ்கீயோ, சவுக்காரக் கட்டியோ?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கையுறையைக் கழற்றி, விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். கூர் இருந்தால் நகம் தூள் தூளாகச் சீவிக்கொண்டு வரும். ஒன்றும் வரவில்லை. சிரிப்பு நின்றது.

"இது ஆர் செய்தது?"

"நான்தான்."

"தெரியாமலே?"

"தெரிஞ்சுதான் நிர்மலா. கூர் இல்லீன்னா அவன் மெதுவாப் போவான்னு நெனச்சேன்."

அவள் ஸ்கீயைத் திருப்பி விளிம்பைக் காட்டினாள். "கூர் இல்லையெண்டா மெல்லமாப் போறேல்லை அக்கா. நிக்கத்தான் ஏலாது. திருப்புறதும் இதுதான், நிப்பாட்டுறதும் இதுதான். பிரேக்கைக் கழட்டிப்போட்டு, பிள்ளை மெல்லமாக் கார் ஓட்டட்டும் எண்டு சாவியைக் குடுக்கிறியளே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் போகவில்லை, ஆனாலும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரையைப் பிரித்து வைத்தேன். அவள் சாப்பிட்டாள், நான் சாப்பிடவில்லை. "அவன் போகவே வேணாம்னுதான் இத்தன நாளும் அனுப்பாம வெச்சிருந்தேன்" என்றேன். "இது கையில இல்லாம அவன் எப்படி மலைக்குப் போவான்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவன் போயிட்டான் அக்கா."

நீ அங்கே டாஹோ மலைக்கு இரண்டு தரம் போனதை அவள்தான் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஓடிவிட்டு வந்து முழங்காலுக்கு ஐஸ் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று நீ அவளுக்குப் போன் செய்திருக்கிறாய். "வீங்கேல்லை, பயப்பிடாதேங்கோ, நான் வடிவாக் கேட்டனான்" என்றாள். "ஆனா என்ன ஸ்கீயில ஓடினவன் தெரியுமே? வாடகை ஸ்கீ. ஆர் ஆரோ போட்டு, கல்லு மண்ணெல்லாம் உரசி, விளிம்பு உருண்டு போன சாமான். நீங்கள் ஒரு காலமைப் பொழுது இருந்து செய்ததை அதுக்கு ஊரே சேந்து செய்து வைச்சிருக்கு."

முதலில் உன் மேல் கோபம்தான் வந்தது. ஞாயிறு தவறாமல் பேசுகிறவன், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. புளியோதரையை மூடி வைத்தேன். வைக்கும்போதே கோபம் குறைந்துவிட்டது. நீ "ஃபைன்மா" என்றாய், நான் "பெட்டி கெடைக்கல" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பயமுறுத்தக் கூடாது என்று இரண்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அதில் உன் பொய்யால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பொய்யால் நீ உருண்டுபோன விளிம்பில், தைத்த முழங்காலோடு, இரண்டு தரம் மலை இறங்கியிருக்கிறாய்.

தீட்டும் சாமான்களெல்லாம் வேனின் பின்பக்கத்தில் அப்படியே கிடந்தன. நீ போன பிறகும் நான் எடுத்து வைக்கவில்லை. வெளியே பிக்னிக் மேஜை மேல் ஸ்கீயைப் படுக்க வைத்து நிர்மலா ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் அரத்தை எடுத்தேன். குளிரில் விரல் மரத்துப்போனது. "இன்னும் கொஞ்சம் அழுத்துங்கோ அக்கா" என்றாள். "அவன் மிடில் ஸ்கூல் படிக்கறப்ப இருந்து தீட்டறேன், நீ பேசாம புடி" என்றேன். அப்போதுதான் அவள் மறுபடி சிரித்தாள். மழுக்குவதற்கு ஆன நேரத்தைவிட ரொம்ப அதிக நேரம் ஆயிற்று கூர் ஏற்ற. நகத்தை வைத்துப் பார்த்தேன், வெள்ளையாகச் சீவிக்கொண்டு வந்தது. அவளும் இந்தத் தடவை தன் நகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டாள். அது எனக்கு வேண்டியதுதான்.

பிறகு நடந்ததை நீ நிதானமாகப் படி. உன் ஸ்கீ எப்படி ஓடுகிறது என்று உனக்கே இன்னும் தெரியாதல்லவா, நான் பார்த்துவிட்டேன்.

அதே நீல ஐஸ் இடத்துக்கு அவள் வேண்டுமென்றே வந்தாள். நான் கண்ணை மூடவில்லை. அவள் சாய்ந்தாள், ஸ்கீ அவளோடு சாய்ந்தது, வில் மாதிரி வளைந்தது, காம்பஸ் வைத்து வரைந்த கோடு மாதிரி ஒரு வளைவைப் போட்டது. முதல் தடவை வந்தது சிமென்ட் தரையில் பெட்டியை இழுக்கிற சத்தம். இப்போது துணிக்கடையில் கத்தரி ஓடுகிற சத்தம். ஒரு பக்கம், மறு பக்கம், திரும்ப ஒரு பக்கம். வேகம் கூடக் கூட அது நடுங்குவதற்குப் பதிலாக அடங்கியது. கராஜில் நான் வளைத்தபோது மறுத்த பொருள், அவள் வேகத்தில் சாய்ந்தபோது வளைந்து கொடுத்தது. அது முரட்டுத்தனம் இல்லை என்று எனக்கு அங்கே நின்றுதான் புரிந்தது. என் கைக்கு வளைவதற்காகச் செய்த பொருளே அல்ல அது.

மதியம்வரை அவள் மலையில் எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒவ்வொரு முறை இறங்கி வந்ததும் நான் கேட்டேன், அவள் சொன்னாள். கெட்டியான பனியில் இதைப் போல ஒன்று இல்லை. வெயிலில் இளகிக் கட்டிகட்டியாகக் கிடக்கிற பனியைத் தள்ளாடாமல் வெட்டிக்கொண்டு போகிறது. மெதுவாகப் போனால்தான் பிடிவாதம், "ஆற அமரப் போறவைக்கு இது வேண்டாம், கட்டை மாதிரிக் கிடக்கும்." மேடு மேடாக இருக்கிற சரிவில் ஒவ்வொரு மேடும் காலை உதைக்கிறது, முன்னாலேயே யோசித்து ஓட வேண்டும். இடுப்பு ஒடுங்கியிருப்பதால் ஆழமான புதுப் பனியில் அமிழும் என்றாள். உங்கள் டாஹோவில் அப்படிப் பனி விழுகிற நாளில் இதை எடுத்துக்கொண்டு போகாதே. அன்றைக்கு அகலமான ஸ்கீயை வாடகைக்கு எடு. புதுப் பனியில் விளிம்பு உருண்டிருந்தாலும் பெரிய கெடுதல் இல்லையாம்.

"உடம்பு முன்னுக்கு நிக்கிற வரைக்கும் இது நாங்கள் சொன்னபடி கேக்கும்" என்றாள். "பின்னுக்குச் சாஞ்சமோ, வால் தன்ர பாட்டுக்கு ஓடத் துவங்கும். அப்பதான் முழங்கால் போறது. கார்த்திக்குக்குப் போனதும் அப்பிடித்தான்."

மிச்சப் புளியோதரையை மதியம் சாப்பிட்ட பிறகு ஒரே ஒரு தடவை மேலே போனாள். இறங்கி வந்து ஸ்கீயைக் கழற்றிவிட்டாள். இன்னும் வெயில் இருந்தது, லிஃப்டில் கூட்டமும் குறைந்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"கால் களைச்சுப் போச்சு. மற்ற ஸ்கீயெண்டா இன்னும் ரெண்டு மணித்தியாலம் ஓடலாம், அதுகள் மன்னிக்கும். இது களைச்ச காலை உடன கண்டுபிடிச்சிடும்."

"அப்ப இது எக்ஸ்பர்ட்டுக்கு நல்லதா, இல்லியா? என்ற பையனுக்கு அனுப்பலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு."

"அனுப்புங்கோ. அவன்ர காலுக்கு இப்ப பெலன் இருக்கு, நான்தானே பாத்தனான். ஆனா அக்கா, எக்ஸ்பர்ட் எண்டது ஆளில்லை, நேரம். காலமை எக்ஸ்பர்ட்டா இருக்கிறவன் பின்னேரம் இல்லை."

கார்த்திக், இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் புத்திமதி இவ்வளவுதான், அதுவும் என்னுடையது இல்லை. நீ வெர்மான்ட்டில் விழுந்தது கடைசிச் சுற்றில். காலையிலிருந்து நின்று, பசியோடு, இன்னும் ஒன்றுதானே என்று போன சுற்று. நீ திறமை இல்லாமல் விழவில்லை, களைப்பில் விழுந்தாய். இருபத்திரண்டு வயதில் களைப்பை ஒத்துக்கொள்வது அவமானமாக இருக்கும். உன்னைப் பெற்றபோது எனக்கும் அதே வயதுதான். இந்த ஊரில் யாரையும் தெரியாது. நாள் முழுக்க உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டு, அப்பா கேட்டால் களைப்பே இல்லை என்பேன். ஒரு சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிவிட்டேன். புகை அலாரம் அடித்துத்தான் விழித்தேன். ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவர் திட்டவில்லை. "சொல்றதுக்கு என்ன புள்ள?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான் விஷயம். சொல்வதற்கு என்ன? கால் சொன்னால் கேள். நண்பர்கள் இன்னொரு தடவை என்று கூப்பிட்டால், சிரித்துக்கொண்டே ஸ்கீயைக் கழற்று. உன்னைவிட அதிக காலம் மலையில் இருந்த ஒருத்தி, வெயில் இருக்கும்போதே, யாரும் சொல்லாமல் கழற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். அவள் அப்போது தோற்றவள் மாதிரித் தெரியவில்லை.

திரும்பி வரும்போது கார் ஓட்டிக்கொண்டே நிர்மலாவிடம், "உனக்குப் பயமாவே இருக்காதா?" என்று கேட்டேன். சுவிட்சர்லாந்துக்கு வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் பயம், பள்ளிக்கூடத்துக்குப் பயம், போஸ்ட்மேனுக்குப் பயம், மலைக்கு மட்டும் பயம் இருக்கவில்லை என்றாள். "மலையில ஒருத்தரும் விசா கேக்கேல்லை அக்கா." நான் ஃப்ரீவேயைப் பார்த்து ஓட்டினேன். உனக்கும் அங்கே அப்படி ஏதோ ஒன்று இருக்கிறது போலும். ஒன்பது மாதம் ஊன்றுகோலும் உடற்பயிற்சியுமாக எதற்காக இத்தனை பாடுபட்டாய் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நடப்பதற்கு என்று நினைத்துக்கொண்டேன். நடப்பதற்கு அவ்வளவு வேண்டியதில்லை.

அப்பாவிடம் ராத்திரி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதான் அரம் தேஞ்சு கெடந்துச்சா?" என்றார். பிறகு அவரே போர்வையை எடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூட்டை உன் பூட்ஸ் அளவுக்கு மறுபடி மாற்றவில்லை. அங்கே நல்ல கடையில் கொடுத்து, உன் எடையும் முழங்கால் கதையும் சொல்லி, விழுந்தால் கழன்று விடுகிற மாதிரி வைக்கச் சொல். நீ பெரிய ஆள் என்று காட்டுவதற்காக இறுக்கி வைத்துக்கொள்ளாதே. விளிம்பு நான்கும் கூராக இருக்கிறது, எடுக்கும்போது கையைப் பார்த்துக்கொள். முறுக்கு ஒரு டப்பா வைத்திருக்கிறேன், உடையாமல் வந்தால் உன் அதிர்ஷ்டம்.

இனி ஒன்றே ஒன்று கேட்கிறேன். மலைக்குக் கிளம்புகிற நாளில், கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ. நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், காரணம் தேட மாட்டேன், கோயிலுக்குப் போய் மழையும் கேட்க மாட்டேன். அன்றைக்கு முழுக்கப் பயப்படுவேன். நீ இறங்கி வந்து போன் செய்கிற வரைக்கும் பயப்படுவேன். பயப்படாமல் இருக்க எனக்கு வராது, அதை நீ சரிசெய்ய வேண்டியதில்லை. ஆனால் நீ சொல்லாவிட்டால் நான் வாரத்தில் ஏழு நாளும் பயப்பட வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டுப் போனால் ஒரு நாளோடு போய்விடும்.

அம்மா